ராயபுரத்து உப்புச் சுவரை நாங்களே சரிசெய்த கதை

எங்கள் வீட்டு நடு அறையின் கிழக்குச் சுவரில் ஒரு காலண்டர் இடுப்புக்கும் கீழே தொங்கும். கல்யாணமாகி வந்த புதிதில், இவ்வளவு தாழ எதற்கு மாட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பேன், தேதி பார்க்கக் குனிய வேண்டும். ஒரு நாள் தூசி தட்டலாம் என்று அதைத் தூக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பின்னால் பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து நின்றது. விரலை வைத்ததும் உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை மாவு பொலபொலவென்று கொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

வீடு இருப்பது ராயபுரத்தில். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடக்கிற தூரம்தான், மதியத்துக்கு மேல் கடல் காற்று எழுந்தால் மாடியில் காயப்போட்ட துணியே லேசாகப் பிசுபிசுக்கும். மாமனாரின் அப்பா காலத்து வீடு இது. முன்பாதி ஒன்றரைச் செங்கல் கனத்துச் சுண்ணாம்புச் சுவரும் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் தளக் கூரையும், பின்பாதி 1990களில் இடித்துக் கட்டிய கான்கிரீட். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கம் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் பீரோவோ காலண்டரோ பிளாஸ்டிக் பூங்கொத்தோ வைத்து மறைத்த ஓதம் ஏறிய சுவர் ஒன்று இருக்கும். எங்கள் சுவரை எப்படிச் சரிசெய்தோம், எங்கே பணத்தைத் தொலைத்தோம், அதே உப்பு பிறகு மாடித் தோட்டத்தில் எப்படி வந்து நின்றது என்று எழுதுகிறேன். அடுத்த மழைக்கு முன்னால் நாலு பேருக்கு உதவினால் சந்தோஷம்.

முதலில் தொலைத்த பணம். நான் வருவதற்கு முன்பே பழைய சுண்ணாம்புப் பூச்சை உடைத்துவிட்டு சிமெண்ட் பூசியிருந்தார்கள், அதில் ஏதோ நீர்த்தடுப்புத் திரவமும் கலந்திருந்தார்கள். அது இரண்டு வருடம் தாங்கியதாம். அப்புறம் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து பொரிந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தோம். ஆறு மாதத்தில் பழைய நிலை. மூன்றாவது முறை கடைக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டு விலை அதிகமான ஒரு நீர்த்தடுப்பு பெயிண்டை இரண்டு கோட் அடித்தோம். அந்த வருடம் பொங்கல் வரை சுவர் பளபளவென்று இருந்தது. மாசியில் பார்த்தால் முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புக்கு ஏறியிருக்கிறது, அதை ஒட்டிய சமையலறைச் சுவரிலும் புதிதாக உப்பு பூத்திருக்கிறது. கிட்டத்தட்ட 12,000 ரூபாய் செலவு செய்து சுவரை முன்பைவிட மோசமாக்கியிருந்தோம்.

எங்கள் சந்திலேயே ஒரு மேஸ்திரி இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல், இப்போது வேலைக்குப் போவதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த தலைமுறையின் ஆள். அத்தை அவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், உதிர்ந்த மாவைக் கையில் தேய்த்துப் பார்த்தார், பிறகு சுவரை விட்டுவிட்டு வெளியே சந்துக்குப் போய் பத்து நிமிடம் நின்றார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இது: “உப்பு இந்த ஊட்டுதுதாம்மா. தண்ணிதான் வெளியாளு. அது எந்த வழியா வருதுன்னு பாரு, அப்பால செவுத்துல கைய வையி.”

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை தரையின் ஈரத்தை மேலே இழுக்கும். ஈரத்தோடு கரைந்த உப்பும் ஏறும். நிலத்தடி நீரில் உப்பு, கட்டும்போது கலவைக்கு ஊற்றிய கிணற்றுத் தண்ணீரில் உப்பு, மணலில் உப்பு, கடல் காற்றில் உப்பு, நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் சுவரின் முகத்துக்கு வந்து ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், அதனால் மேலே இருக்கிற பூச்சையும் பெயிண்டையும் தள்ளிக்கொண்டு வருகிறது. நாம் பெயிண்டால் வழியை அடைத்தால் ஈரம் திரும்பிப் போவதில்லை, அடைக்காத இடம் வரை ஏறிப்போய் அங்கே வெளியேறுகிறது. எங்கள் ஓதம் இடுப்புக்கு ஏறியதும், சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இதனால்தான். பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக அன்றன்றைக்குக் காய்ந்துகொண்டிருந்தது, சிமெண்ட் வந்து அந்த வழியை அடைத்தது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். துண்டின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். நாங்கள் மூன்று உயரத்தில் மூன்று துண்டு ஒட்டினோம், தரையை ஒட்டி ஒன்று, இடுப்பில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. கீழே ஒட்டியது மறுநாள் காலையிலேயே நனைந்துவிட்டது, தலைக்கு மேல் இருந்தது காய்ந்தே கிடந்தது. மேலே காய்ந்திருந்தால் கூரை ஒழுக்கு இல்லை, தரையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஈரமா, பங்குனி வெயிலிலும் ஈரமா? எங்களுடையது பங்குனியிலும் ஈரம். அப்படியென்றால் மழை இல்லாத நாளிலும் யாரோ அந்தச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊற்றியது நாங்கள்தான். சுவரின் வெளிப்பக்கம் சந்தில் அடி பம்பு இருக்கிறது. மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், வருகிற நேரத்தில் மூன்று குடும்பம் அங்கே குடம் வைத்துப் பிடிப்போம். பம்பு மேடை ஒரு காலத்தில் சந்துப் பக்கம் சரிவாக இருந்திருக்கிறது, தரை இறங்கியதில் இப்போது எங்கள் சுவர்ப் பக்கம் சரிந்திருந்தது. தெரு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்து உயர்ந்து, வீட்டின் உள்தரை வெளியைவிட அரை அடி பள்ளமாகிவிட்டது. மேடையில் சிந்துகிற தண்ணீர் முழுவதும் சுவரடியில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. போதாததற்கு மாடியிலிருந்து வரும் மழைத்தண்ணீர்க் குழாய் முழங்கை வளைவில் விரிசல் விட்டு, அதுவும் அதே மூலையில். இத்தனை வருடம் உள்ளே நின்று பெயிண்ட் அடித்த நாங்கள் ஒரு தடவையும் வெளியே போய் அந்த மூலையைப் பார்க்கவில்லை.

அதனால் முதல் வேலை சுவரில் இல்லை, சந்தில். மேடையை உடைத்து, சுவரிலிருந்து விலகிப் போகும்படி சரிவு வைத்துப் பூசினோம். மூன்றடி நீளத்துக்கு இரண்டு அங்குலச் சரிவு வைத்தோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தும் நம்பிக்கை வராமல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ஓடும் வழியைப் பார்த்த பிறகுதான் கலவையை இறுக விட்டேன். சுவரடியில் முக்கால் அடி அகலத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பினோம், தண்ணீர் தங்காது, சுவரின் வெளி அடிப்பகுதிக்கும் காற்று படும். குழாய் வளைவை மாற்றி, வெளியேறும் நுனியைச் சுவரிலிருந்து தள்ளி விட்டோம். மூன்று குடும்பமும் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்த வேலை. பக்கத்து வீட்டு அக்கா சாந்து குழைத்துக் கொடுத்தார், அவர் வீட்டுச் சுவருக்கும் இதே தொல்லை.

பிறகு உள்பக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஓதச் சுவரில் ஸ்விட்ச் பெட்டியோ பிளக் பாயிண்டோ இருந்தால் உளியை எடுப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். எங்கள் சுவரில் மிக்சிக்கான பிளக் ஒன்று இருந்தது, அவர் கழற்றிப் பார்த்தபோது உள்ளே திருகாணி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அந்த பாயிண்டை வேறு சுவருக்கு மாற்றினோம். மின்சார வேலையை நாமே செய்து பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

சிமெண்ட் பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை முழுதாக உடைத்தெடுத்தோம். கோட்டோடு நிறுத்தினால் ஈரம் பழைய பூச்சுக்குப் பின்னால் ஏறி அங்கே வெடிக்கும். செங்கல் இடுக்கில் உதிர்கிற கலவையையும் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டினோம். மூக்கு வாயை மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடி போடுங்கள். உடைத்த இடிசலை எங்கே கொட்டுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நாங்கள் இரண்டு நாள்தானே என்று கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் குவித்தோம், அந்த வாரம் பார்த்து கோடை மழை ஒன்று பெய்தது, உப்பு முழுவதும் வேருக்கு இறங்கிவிட்டது. பன்னிரண்டு வருட மரம் இலை நுனி கருகி, ஒரு மாதத்தில் மொட்டையாக நின்றது. அத்தை அதன் பிறகு பல நாள் கொல்லைப் பக்கமே போகவில்லை. மெட்ரோ தண்ணீரைத் தினமும் நாலு குடம் ஊற்றிப் பார்த்தோம், பிழைக்கவில்லை.

செங்கல் தெரிகிற சுவரை அப்படியே காய விட வேண்டும், எல்லோருக்கும் பொறுமை போவது இங்கேதான். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு, அப்படிப் பார்த்தால் எங்கள் சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு முடியாது. மாசியில் உடைத்து வைகாசி கடைசி வரை விட்டோம், டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். வருகிறவர்கள் எல்லோரும் வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டார்கள்.

இந்த நாலு மாதத்தில் உப்பை வெளியே இழுக்கிற வேலையையும் செய்தோம். பழைய தினசரித் தாளைக் கிழித்து மெட்ரோ தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கையால் மசித்துக் கூழாக்கி, செங்கல்லை லேசாக நனைத்துவிட்டு அரை அங்குல கனத்துக்கு அப்பினோம், வரட்டி தட்டுகிற மாதிரி. முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. காயக் காய அதன் மேல் தோலில் வெள்ளையாக ஏதோ படரும். பத்தாம் நாள் காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன், சாம்பல் நிறத் தாள் கூழின் மேல் பஞ்சு மாதிரி மெல்லிய ஊசிகள், ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை கனம், மூச்சுக் காற்று பட்டால் நடுங்குகிறது. அச்செழுத்து ஒன்றிரண்டு அழியாமல் நிற்க, அதன் மேலேயும் அந்த ஊசிகள். அப்புறம் கூழ் தானாகவே வில்லை வில்லையாகக் கழன்று விழுந்தது. இன்னும் இரண்டு முறை செய்தோம், மூன்றாவது முறை பூத்தது கால்வாசிகூட இல்லை. உப்பு பூத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து உள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாங்கி வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தப் பக்கத்தில் பழைய தொழில். 1904இல் சென்னையில் சிமெண்ட் செய்ய முதலில் முயன்றபோதுகூட கடல் கிளிஞ்சலைத்தான் மூலப்பொருளாக எடுத்திருக்கிறார்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது அதன் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், இரும்பு டிரம்மில், சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். நீற்றி, வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி மூன்று வாரம் ஊறவைத்தோம். ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி கரணையில் ஒட்டும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு கழுவிச் சலித்த மணல். கலவைக்கு எக்காரணம் கொண்டும் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் சேர்க்காதீர்கள், சுவரிலிருந்து எடுத்த உப்பை நாமே திரும்ப வைத்த மாதிரி ஆகும். எங்கள் போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) பார்த்தால் 1,900க்குக் குறையாது, மெட்ரோ தண்ணீர் 300 பக்கம். குடிநீருக்கு 500 வரைதான் விரும்பத்தக்க அளவு என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இந்தச் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்தான், கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானும் வீட்டுக்காரரும் பூசினோம். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் வெடிக்கும், அரை அங்குலத்துக்கு உள்ளாக ஒரு கோட், அது இறுகியதும் அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை வாங்கி மெதுவாகத்தான் இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும், அதனால் பத்து நாளைக்குக் காலை மாலை லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். மேலே பட்டி கிடையாது, எமல்ஷன் கிடையாது, மூன்று கோட் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் கொஞ்சம் ஒட்டுகிறது என்பது உண்மை, அதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சந்து முழுக்கத் தண்ணீர், வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவுக்கு ஏறி ஒன்றரை நாள் நின்றது. அந்தத் தண்ணீர் வடிந்த பிறகு வீட்டில் இரண்டு சுவர் பக்கத்துப் பக்கத்தில் நின்றன, ஒன்று நாங்கள் சுண்ணாம்பு பூசியது, இன்னொன்று சிமெண்டும் எமல்ஷனும் அடித்த முன்னறைச் சுவர். இரண்டும் ஒரே அளவு நனைந்தவை. சுண்ணாம்புச் சுவர் கருத்துப்போய், மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வந்து, தை கடைசியில் வெள்ளையாகிவிட்டது. அங்கங்கே கொஞ்சம் உப்பு பூத்தது, பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒரு கோட் சுண்ணாம்பு அடித்தோம், 150 ரூபாய். முன்னறைச் சுவர் சித்திரையிலும் கொப்புளம் விட்டுக்கொண்டே இருந்தது. இதற்கு மேல் எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

சுவர் முடிந்த தெம்பில் மாடித் தோட்டம் போட்டோம். முதலில் எடை. மெட்ராஸ் தளம் உத்தரத்தின் மேல் நிற்கிறது, உத்தரத்தின் நுனி சுவருக்குள் எவ்வளவு உளுத்திருக்கிறது என்று வெளியே தெரியாது, அதனால் முன்பாதி மாடியில் ஒரு தொட்டிகூட வைக்கவில்லை. பின்பாதி கான்கிரீட்டில் மட்டும், அதுவும் கீழே சுவர் ஓடுகிற வரிசையின் மேல். ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று கட்டடக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். குளியலறை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன், ஒரே அளவுப் பையில் செம்மண் நிரப்பி நனைத்தால் 34 கிலோ, தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் கலந்து நனைத்தால் 19. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். பைகளை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள், அடியில் துடைப்பம் நுழைய வேண்டும்.

முதல் வருடம் பீன்ஸ் முளைத்து, நாலு இலை விட்டு, இலை ஓரம் பழுப்பாகிச் சுருண்டு போனது. உரம் போதவில்லையென்று உரம் போட்டேன், இன்னும் சீக்கிரம் போனது. ஒரு நாள் காலி பையைக் கவிழ்க்கும்போது அதன் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சுவரில் பூத்த அதே உப்பு. தினமும் போர் தண்ணீரை, வீணாகக் கூடாதென்று, மேலே நனைகிற அளவுக்குக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் நாளுக்கு நாள் சேர்ந்திருக்கிறது, போதாததற்கு நார்க்கழிவுக் கட்டியை அலசாமல் வேறு கலந்திருந்தேன், அதிலும் உப்பு இருக்கும். வெளியே போக வழியில்லாத உப்பு வேரைப் பிடித்துவிட்டது. அத்தை பையைப் பார்த்துவிட்டு, “கறிவேப்பிலைக்கும் இப்படித்தான் ஆச்சும்மா” என்றார். அவருக்குப் புரிந்த அளவுக்கு எனக்கு அதுவரை புரியவில்லை.

இப்போது செய்வது இது. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டியைப் பெரிய டப்பில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி வடித்து, மூன்று முறை அலசிய பிறகே கலக்கிறேன், வடித்த தண்ணீரை மீட்டரில் பார்த்து எண் இறங்கியதும் நிறுத்துகிறேன். தண்ணீர் ஊற்றினால் அடி ஓட்டை வழியாகக் கொஞ்சம் வெளியேறும்வரை ஊற்றுகிறேன், தினம் கொஞ்சம் என்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிறைய. மழைத் தண்ணீர் இதற்கு அமிர்தம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் இருந்தது, அதில் ஒரு கிளை எடுத்து 200 லிட்டர் நீல டிரம் ஒன்றில் விட்டோம். 600 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 550 லிட்டர் இறங்கும், ஒரு நல்ல மழையில் டிரம் நிறைந்து வழியும், வழிவது பழைய குழியில் போய்ச் சேரும். சீசனின் முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் கரியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். டிரம் வாயில் கொசுவலை கட்டாயம், ஒரு இடுக்குகூட இருக்கக் கூடாது, டெங்கு பயம்.

பீன்ஸை விட்டுவிட்டேன், அது உப்புக்குக் கொஞ்சமும் தாங்காது. பருப்புக்கீரையும் பீட்ரூட்டும் நன்றாகத் தாங்குகின்றன, வெண்டை சுமார், கத்தரி பரவாயில்லை. கொடிகளுக்குப் பந்தல் கம்பி வாங்கவில்லை. காசிமேட்டில் வலை பின்னுகிறவர்கள் கழித்துப் போடும் பழைய நைலான் வலையைக் கேட்டு வாங்கி, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து கம்பத்துக்கு இழுத்துக் கட்டினோம். கண் பெரிய வலையாகப் பாருங்கள், சின்னக் கண்ணில் பிஞ்சு சிக்கிக்கொண்டு கழுத்து நெரிந்துவிடும். கடல் காற்று நேராக அடிக்கிற கிழக்குப் பக்கம் நிழல்வலை ஒன்று. மீன் கழிவும் அதே எடை வெல்லமும் சேர்த்து இறுக்கி மூடி ஒரு மாதம் வைத்த மீன் அமிலத்தை ஒரு லிட்டருக்கு 5 மில்லி கலந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை தெளிக்கிறேன், சாயங்காலம் மட்டும். மீன் கழிவை முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், மூடியின் மேல் கல் வையுங்கள், பூனை விடாது.

மாடிக் கிரில்லைப் பற்றிச் சுருக்கமாக. துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்ததோடு நிறுத்திப் பெயிண்ட் அடித்தால் இந்த ஊரில் ஒரு வருடம் நிற்காது, துருவின் குழிக்குள் உப்பு இருக்கும். தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காய்ந்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி ஆரஞ்சு நிறம். திருகாணி மாற்றினால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட உப்புக் காற்றுக்கு அது தாங்கும். ஆனால் சன்ஷேடிலோ உத்தரத்திலோ கான்கிரீட் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தால் அதில் நீங்களாக சிமெண்ட் அப்ப வேண்டாம். அது உள்ளே அரித்துக்கொண்டே போகும், ஒரு நாள் ஆள் மேல் விழும். நாங்கள் அதற்கு ஒரு பொறியாளரைத்தான் கூப்பிட்டோம்.

முன்னறைச் சுவர் இந்த மாசிக்கு. பாலிதீன் ஒட்டிப் பார்த்தாயிற்று, இந்த முறை தண்ணீர் தெருப்பக்கப் படிக்கட்டின் அடியிலிருந்து வருகிறது, அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். மேஸ்திரிக்கு இப்போது படி ஏற முடியவில்லை, அதனால் நாற்காலியை வாசலிலேயே போடச் சொல்லியிருக்கிறார். இரண்டு மூட்டைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு டிரம்மில் ஊறிக்கொண்டிருக்கிறது. கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், பழைய இடத்தில் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார், அதனால் கொல்லையின் மேற்கு மூலையில் குழி எடுத்து, அடி மண்ணை மாற்றி, டிரம்மிலிருந்து மழைத் தண்ணீர் ஊற்றி நட்டோம். நாலு கொழுந்து விட்டிருக்கிறது.